ஃபைல் திறக்கிறது, உள்ளே தகவல் மாறியிருக்கிறது!

ஹார்ட் டிஸ்க் பழுதானால் அது எப்படியும் நமக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். டிக், டிக் என்று சத்தம் வரும். அல்லது விண்டோஸ் ஒரு பிழைச் செய்தியைக் காட்டும். அல்லது டிரைவ் எழுத்தே காணாமல் போகும். இவை எல்லாம் தாமாகவே வெளியில் சொல்லிக் கொள்ளும் பழுதுகள். இவற்றைவிட மோசமான ஒன்று உண்டு. ஃபைல் இருக்கும். அதன் அளவும் தேதியும் மாறியிருக்காது. டபுள் க்ளிக் செய்தால் திறக்கும். ஆனால் நீங்கள் பதிந்து வைத்த தகவல் அதில் இருக்காது. ஒரு போட்டோவின் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகியிருக்கும். கல்யாண வீடியோ நடுவில் கட்டம் கட்டமாக உடையும். கணக்கு ஃபைலில் ஓர் எண் வேறு எண்ணாகியிருக்கும். இதனைச் சத்தமில்லாத சிதைவு எனலாம்.

40 ஜிபி டிஸ்க் வைத்திருந்த காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்று வீட்டிலேயே 4 டிபி, 8 டிபி என எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் பத்துப் பதினைந்து ஆண்டுப் படங்களை அடைத்து வைத்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு முறை காப்பி செய்த பின்னர் திறந்து பார்ப்பதே இல்லை. அளவு கூடும்போது, சிதைவுக்கான வாய்ப்பும் அது தெரியாமலேயே கிடக்கும் காலமும் சேர்ந்தே கூடுகின்றன.

உண்மையில் இப்படி நடக்கிறதா என்ற சந்தேகம் உங்களுக்கு எழலாம். ஜெனிவா அருகில் உள்ள செர்ன் அணு ஆய்வு மையம் 2007ல் தன் கம்ப்யூட்டர்களிலேயே இதைச் சோதித்தது. ஏற்கனவே பதியப்பட்டிருந்த சுமார் 33,700 ஃபைல்களை, மொத்தம் 8.7 டிபி அளவிற்கு, மீண்டும் படித்துச் சரிபார்த்தார்கள். 22 ஃபைல்கள் மாறிப் போயிருந்தன. ஏறத்தாழ 1,500 ஃபைல்களுக்கு ஒன்று. இன்னொரு சோதனையில் 3,000 கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபைலைத் திரும்பத் திரும்ப எழுதிப் படித்துப் பார்த்தார்கள். அதில் கிடைத்த தவறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் தேய்ந்து போன டிஸ்க் அல்ல. டிஸ்க்கின் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரும் ரெய்டு கார்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாததுதான். ஒரு சிறு பகுதி, ஒரே ஒரு பிட் மட்டும் மாறிய தவறுகள். அவை மெமரியைக் கை காட்டின.

அடுத்த ஆண்டே, 2008ல், லட்சுமி பைரவசுந்தரம் என்ற ஆய்வாளர் தன் குழுவினருடன் இன்னும் பெரிய கணக்கை வெளியிட்டார். நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் சாதனங்களில் இருந்த 15 லட்சத்து 30 ஆயிரம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்ததில், 4 லட்சத்திற்கும் அதிகமான முறை செக்சம் ஒத்துப் போகவில்லை. நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் சாட்டா வகை டிஸ்க்குகளில் இது, விலை உயர்ந்த சர்வர் டிஸ்க்குகளில் உள்ளதைப்போல சுமார் பத்து மடங்கு என்பதுதான் நமக்கான செய்தி.

செக்சம் என்றால்?

ஒரு ஃபைலில் உள்ள பைட்டுகளை எல்லாம் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் சிறிய எண் இது. ஒரு பிட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். ஃபைலை எழுதும்போது ஒரு முறை கணக்கிட்டு வைத்துக் கொண்டு, படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் சிதைவு தெரிந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் உங்கள் ஃபைலின் உள்ளடக்கத்திற்கு இந்த வேலையைச் செய்வதில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4, ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஆகியவை ஃபைலின் பெயர், இடம் போன்ற நிர்வாகத் தகவல்களுக்குச் செக்சம் வைக்கின்றன. உள்ளே இருக்கும் போட்டோவிற்கு அல்ல. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல் சிஸ்டங்கள் உள்ளடக்கத்திற்கும் சேர்த்து வைக்கின்றன. இசட்எஃப்எஸ் அந்தச் செக்சத்தைத் தகவலின் பக்கத்தில் வைக்காமல், அதனைச் சுட்டிக் காட்டும் மேல் நிலை பிளாக்கில் வைக்கிறது. வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்க விடாமல் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து வைப்பது போல.

இந்த ஏற்பாடு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். யார் செய்த பிழை என்பதைச் சொல்லாது. அதனை நாம்தான் தேட வேண்டும். தேடும் வழியைச் சொல்ல, அண்மையில் நான் பார்த்த ஒரு சிஸ்டத்தையே எடுத்துக் கொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெட்டி

நான் இருப்பது திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டி இதே மாவட்டம்தான் என்றாலும், ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய் மாற வேண்டும். எனவே பெரியபாளையம் வழியாக பஸ்ஸில்தான் போனேன். அங்குள்ள சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. அவற்றில் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. நான்கு 6 டிபி டிஸ்க்குகளை இரண்டிரண்டாக மிரர் செய்து, ஒரு பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் போட்டு ஓட்டிக் கொண்டிருந்தார்கள். ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ். அதில் கேமரா பதிவுகளோடு, ஒவ்வொரு உருக்குத் தொகுதியின் சோதனை முடிவுகளும் இருந்தன. சோதனைக் கூடத்தில் உள்ள ஸ்பெக்ட்ரோமீட்டர், உருக்கில் கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளந்து ஒரு சிறிய சிஎஸ்வி ஃபைலாக இந்தப் பெட்டிக்கு அனுப்பும்.

ஒரு வாடிக்கையாளர் பழைய சான்றிதழின் நகலைக் கேட்டிருக்கிறார். ஃபைலில் இருந்து புதிதாக அச்சிட்டார்கள். பாஸ்பரஸ் 0.075 என்று வந்தது. அலுவலகக் கோப்பில் இருந்த அன்றைய தாளில் 0.035. கம்பிக்கான ஐஎஸ் 1786 தரத்தில், எஃப்இ 500 ரகத்திற்குப் பாஸ்பரஸ் 0.055 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒன்று தேறும், மற்றொன்று தேறாது. இதில் நல்ல கம்பி கெட்ட கம்பியாகத் தெரிந்தது. தலைகீழாக நடந்திருந்தால் தேறாத கம்பி யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குப் போயிருக்கும்.

யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றியது. சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பையனிடம் இரண்டு நாட்களாக விசாரணை நடந்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் 3 என்ற எழுத்து 00110011 என்றும், 7 என்ற எழுத்து 00110111 என்றும் பதியப்படும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட். மனிதன் திருத்தினால் எந்த எண்ணாகவும் திருத்துவான். 3 ஏன் 7 ஆனது என்ற கேள்விக்கு இப்படி ஒரு விடையும் இருக்கிறது என்பதை அவர்களிடம் எழுதிக் காட்டினேன்.

“தம்பி, செக்டிஸ்க் மாதிரி ஏதாவது ஓட்டி சரி பண்ணிடுங்களேன்” என்றார் முதலாளி.

“இப்ப வேண்டாம் சார். முதல்ல எதுவும் எழுதாம நிறுத்தி வைப்போம். எது கெட்டதுன்னு தெரிஞ்ச பிறகு ஓட்டலாம்” என்றேன்.

இதனை வீட்டில் இருப்பவர்களும் கவனத்தில் கொள்ளுங்கள். பிழை என்றவுடன் ரிப்பேர் புரோகிராமைத் தேடிப் போகிறோம். ரிப்பேர் என்பது டிஸ்க்கில் எழுதுவது. மெமரி பழுதாக இருந்தால், அந்தப் பழுதான மெமரி வழியாகவே ரிப்பேரும் நடக்கும்.

இசட்எஃப்எஸ் நிலையைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு டிஸ்க்கிற்கும் எதிரே ரீட், ரைட், செக்சம் என மூன்று பத்தி எண்கள் கிடைக்கும். அவர்கள் கடைசியாக ஓட்டிய ஸ்க்ரப் சோதனைக்குப் பின் ரீட், ரைட் இரண்டும் நான்கு டிஸ்க்குகளிலும் பூஜ்யம். செக்சம் பத்தியில் முதல் ஜோடியில் 7, 7. இரண்டாவது ஜோடியில் 4, 4. அதற்குக் கீழே, இனி மீட்க முடியாது என 11 ஃபைல்களின் பட்டியல்.

எண்களை இப்படிப் படிக்க வேண்டும். ரீட் பத்தியில் எண் ஏறினால், டிஸ்க் தன்னால் படிக்க முடியவில்லை என்று தானே ஒப்புக் கொள்கிறது. செக்சம் மட்டும் ஏறினால், டிஸ்க் எந்தக் குறையும் சொல்லாமல் தவறான தகவலைக் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் ஏறினால் அந்த டிஸ்க்கையோ அதற்குச் செல்லும் வழியையோ சந்தேகிக்கலாம். ஆனால் மிரரில் உள்ள இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே எண்ணிக்கை என்றால்? இரண்டு தனித்தனி டிஸ்க்குகள் ஒரே பிளாக்கில் ஒரே நாளில் கெட்டுப் போவது நடக்காத காரியம். தகவல் டிஸ்க்கிற்குப் போவதற்கு முன்பே கெட்டு, இரண்டிலும் ஒன்று போல எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து டிஸ்க்குகளின் ஸ்மார்ட் பதிவேடு. சாட்டா கேபிளில் தகவல் போகும்போது அதற்கென்று தனிச் சரிபார்ப்பு உண்டு. கேபிள் தளர்ந்திருந்தால் அந்தச் சரிபார்ப்பு தவறி, பதிவேட்டில் 199ஆம் எண்ணில் கணக்கு ஏறும். இங்கே நான்கிலும் பூஜ்யம். சேதமாகி மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்லும் 5ஆம் எண்ணும், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைச் சொல்லும் 197ஆம் எண்ணும் பூஜ்யம். டிஸ்க்கையும் கேபிளையும் ஒதுக்கி வைக்கலாம்.

மின்சாரம்தான் காரணம் என்று அங்கே பலர் சொன்னார்கள். பக்கத்திலேயே உலைகள் ஓடும் இடத்தில் வோல்ட்டேஜ் மீது பழி போடுவது எளிது. 2012ல் மாவட்டங்களில் மணிக் கணக்கில் மின்வெட்டு இருந்ததையும், 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் நாள் கணக்கில் இருளில் கிடந்ததையும் பார்த்தவர்கள் நாம். எதற்கும் முதலில் கரண்ட் மீதுதான் கை நீளும். ஆனால் மின்சாரம் திடீரென நின்றால் ஏற்படும் சேதத்திற்கு வேறு அடையாளம் உண்டு. அந்த நேரத்தில் எழுதிக் கொண்டிருந்த ஃபைல்தான் பாதிக்கப்படும். அளவு சரியாக இருந்து உள்ளே வெறும் பூஜ்யங்கள் இருக்கும், அல்லது ஃபைலே முழுமை பெறாமல் இருக்கும். ஒழுங்காக எழுதி முடித்த ஃபைலின் நடுவில் ஒரே ஒரு பிட் மட்டும் மாறாது.

மீதி இருந்தது மெமரி. அந்தக் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டு. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுவதும் ஓட விட்டோம். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் சிவப்புக் கோடுகள் வரத் தொடங்கின. எழுதியது ஒன்று, திரும்பி வந்தது ஒன்று. இரண்டுக்கும் வேறுபாடு என்ற இடத்தில் ஒவ்வொரு வரியிலும் 00000004. பைனரியில் அது வலமிருந்து மூன்றாவது பிட். 3 ஐ 7 ஆக்கிய அதே பிட். காலையில் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுச் சோதித்ததில் ஒன்று தப்பித்தது, ஒன்று மாட்டிக் கொண்டது.

சோதனைக் கூடப் பையனை முதலாளி கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். விசாரணை நடத்திய மேலாளர் அந்தப் பக்கமே வரவில்லை.

மெமரியை மாற்றிய பிறகுதான் பிழைக் கணக்கை அழித்துவிட்டு மீண்டும் ஸ்க்ரப் ஓட்டினோம். புதிய பிழை ஏதும் இல்லை. பழைய 11 ஃபைல்கள் மட்டும் பட்டியலில் நின்றன. அவற்றில் 7 சோதனை முடிவுகள். ஸ்பெக்ட்ரோமீட்டருடன் இணைந்த கம்ப்யூட்டரில் மூலப் பிரதி இருந்ததால் மீண்டும் காப்பி செய்தோம். மற்ற 4 கேமரா பதிவுகள், அவை போகட்டும் என்று விட்டார்கள்.

ஆனால் சிக்கலைக் காட்டிக் கொடுத்த அந்த 0.075 ஃபைல் இந்த 11ல் இல்லை! காரணம் எளிது. செக்சம் கணக்கிட்ட பின் பிட் மாறியிருந்தால் இசட்எஃப்எஸ் பிடித்துவிடும். கணக்கிடும் முன்பே மாறியிருந்தால், மாறிப் போன தகவலுக்கே செக்சம் போட்டு வைத்துவிடும். பிறகு எத்தனை முறை சோதித்தாலும் சரி என்றுதான் வரும். இசட்எஃப்எஸ் போட்டிருக்கிறேன், எனக்குக் கவலை இல்லை என்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும். சர்வர்களில் இசிசி என்ற, ஒரு பிட் பிழையைத் தானே திருத்திக் கொள்ளும் மெமரியைப் போடுவது இதனால்தான்.

எனவே ஸ்பெக்ட்ரோமீட்டர் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிகளுக்கும் இந்தப் பெட்டியில் உள்ள பிரதிகளுக்கும் தனித்தனியே ஷா-256 எண் எடுத்து ஒப்பிட்டோம். அந்த ஃபைலுடன் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றில் மாங்கனீசு அளவு மாறியிருந்தது, இன்னொன்றில் தேதி. அந்தக் கம்ப்யூட்டரில் ஆறு மாதத்திற்கு முந்தைய பிரதிகள் அழிக்கப்பட்டுவிட்டன. அதற்கு முந்தைய ஃபைல்களை அலுவலகத் தாள்களோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலையை இப்போது அதே பையனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

விண்டோஸ் 11ல் இசட்எஃப்எஸ் இல்லையே, நான் எப்படித் தேடுவது என்று கேட்கலாம். அதே வரிசைதான். சந்தேகம் வந்ததும் அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்துங்கள். முக்கியமாக, தானாக ஓடும் பேக்கப்பை நிறுத்துங்கள். இல்லையென்றால் கெட்டுப் போன புதிய பிரதி, நன்றாக இருக்கும் பழைய பிரதியின் மீது போய் உட்கார்ந்துவிடும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் போட்டோக்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கருத்து.

பின்னர் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை இயக்குங்கள். கிடைக்கும் விண்டோவில் 197 என்று தேடினால் கிடைக்காது. எண்கள் ஹெக்ஸா டெசிமலில் இருக்கும். 05, சி5, சி7 என்ற வரிகளைப் பார்க்கவும். இவைதான் மேலே சொன்ன 5, 197, 199. சி7 எண் ஒரு முறை ஏறினால் இறங்காது. எனவே இன்றைய எண்ணைக் குறித்துக் கொண்டு, கேபிளை மாற்றி, சில ஜிபி காப்பி செய்து, மறுபடி பாருங்கள். ஏறாமல் நின்றால் கேபிள்தான் குற்றவாளி. நூறு இருநூறு ரூபாயில் முடிந்துவிடும். சி5 பூஜ்யமாக இல்லையென்றால் வேறு எந்தச் சோதனையும் செய்யாமல், முதலில் இருப்பதை எல்லாம் இன்னொரு டிஸ்க்கிற்குக் காப்பி எடுங்கள்.

மூன்றும் பூஜ்யம் என்றால் மெமரியைச் சோதியுங்கள். ஸ்டார்ட் கட்டத்தில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் எனத் தேடினால் விண்டோஸுடன் வரும் சோதனை கிடைக்கும். அது ஓடும்போது எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். சாதாரண சோதனை மேலோட்டமானது. மெம்டெஸ்ட்86+ இன்னும் நல்லது. பிழை வந்தால் உடனே புதிய மெமரி வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்று இருந்தால் அதனை நிறுத்தி, ஸ்டிக்கைக் கழற்றி மாட்டி, மீண்டும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் செக்டிஸ்க். அதுவும் எதைச் செய்யும் என்று தெரிந்து ஓட்டுங்கள். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தின் அமைப்பைச் சரி செய்யும்: எந்த ஃபைல் எந்த இடத்தில், எந்த ஃபோல்டரில் என்ற கணக்கு. உங்கள் போட்டோவின் உள்ளே பிட் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. செக்டிஸ்க் பிழை இல்லை என்று சொல்லிவிட்டது, ஆனாலும் படம் கெட்டிருக்கிறது என்றால் இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

என்டிஎஃப்எஸ் வைக்காத செக்சத்தை நாமே வைத்துக் கொள்ள ஒரு வழி உண்டு. 7-ஜிப் புரோகிராமின் அண்மைப் பதிப்பை நிறுவிக் கொள்ளுங்கள். போட்டோ ஃபோல்டரின் மீது ரைட் க்ளிக் செய்து, ஷோ மோர் ஆப்ஷன்ஸ் சென்றால் சிஆர்சி ஷா என்று ஒரு மெனு கிடைக்கும். அதில் ஷா-256 என்பதற்கு எதிரே அம்புக்குறியுடன் ஒரு ஃபைல் பெயர் காட்டும் வரியைத் தேர்ந்தெடுக்கவும். ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலின் எண்ணும் பட்டியலாக ஒரு சிறிய ஃபைலில் பதியப்படும். ஒரு டிபிக்கு சில மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள். இந்தப் பட்டியல் ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து வேறு டிஸ்க்கிலும் வைத்துக் கொள்ளவும். ஆறு மாதம் கழித்து பட்டியல் ஃபைலின் மீது ரைட் க்ளிக் செய்து, அதே மெனுவில் டெஸ்ட் ஆர்க்கைவ் செக்சம் என்பதைக் க்ளிக் செய்தால் எல்லா ஃபைல்களையும் படித்து ஒப்பிடும். புதிய டிஸ்க்கிற்கு மாறும்போதும், பட்டியலை ஃபோல்டருடன் சேர்த்துக் காப்பி செய்து அங்கே ஒரு முறை இதனைச் செய்துவிட்டுப் பிறகு பழைய டிஸ்க்கை அழியுங்கள். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டுக் காப்பி செய்யும்போது, போய்ச் சேர்ந்தது சரியாக இருக்கிறதா என்று விண்டோஸ் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை.

ஒப்பிடும்போது ஏதேனும் ஃபைல் ஒத்துப் போகவில்லை என்று வந்தால், அதன் மாற்றத் தேதியைப் பாருங்கள். தேதி புதிதாக இருந்தால் நீங்களோ வீட்டில் வேறு யாரோ அதைத் திருத்திச் சேமித்திருப்பீர்கள். தேதி பழையதாகவே இருந்து எண் மட்டும் மாறியிருந்தால், அந்த ஃபைலைப் பேக்கப்பில் இருந்து எடுத்துக் கொண்டு, 05, சி5, சி7 வரிகளில் இருந்து தேடத் தொடங்குங்கள்.